கொர்ரென்றது யார் வயிறு?

நொச்சிமேடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எக்ஸ்ரே கட்டடம் திறக்கிற அன்று எல்லாமே தயாராக இருந்தது, எக்ஸ்ரே இயந்திரத்தைத் தவிர.

அதை ஒரு குறையாக யாரும் நினைக்கவில்லை. கட்டடம் இருந்தது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு இருந்தது. சன்னல்களுக்குக் கறுப்புத் துணி தைத்து மாட்டியிருந்தார்கள். 'கதிர்வீச்சு அபாயம், உள்ளே வராதீர்' என்று ஒரு பலகை வேறு. ஜவ்வாது மலை முழுக்கத் தேடினாலும் அந்த அறையைப் போல அபாயமில்லாத இடம் கிடைக்காது. கட்டடம் கட்டுவது ஒரு துறை, இயந்திரம் வாங்குவது இன்னொரு துறை. இரண்டும் பேசிக்கொள்வதில்லை, கடிதம் மட்டும் எழுதிக்கொள்ளும். இதில் கட்டடம் முந்திக்கொண்டது. எண்பத்து மூன்றாம் வருஷம் முடிவதற்குள் திறந்தாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. திறப்பதற்குக் கதவு போதும் என்று முடிவானது.

நிலையத்தின் டாக்டர் சிங்காரம் அன்று கழுத்தில் டை கட்டியிருந்தார். மலைக்கு வந்து மூன்று வருஷமாகியும் அவருக்கு ஒரு மனக்குறை தீரவில்லை. தன் பெயர் ஒரு மருத்துவப் பத்திரிகையில் அச்சாக வேண்டும். அதற்குத் தகுந்த வியாதியோடு இதுவரை ஒருவரும் வரவில்லை. வந்தவர்களெல்லாம் சொறி, பேதி, காய்ச்சல் என்று கற்பனையே இல்லாமல் வந்தார்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு குணமாகிப் போய்த் தொலைந்தார்கள்.

ரிப்பன் வெட்ட மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி கண்ணாயிரம் வருகிறார். ஒன்பது மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். இப்போது பத்தரை. மருந்துக் கிடங்கில் பொங்கலும் வடையும் கேசரியும் ஆறிக்கொண்டிருந்தன. அதிகாரி சாப்பிடுவதற்கு முன்னால் வேறு யாரும் வாய் வைக்கக் கூடாது. இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆகவே யாரும் மீறுவதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டர், கண்ணாயிரம் வருவதற்குள் ஒரு வடையைக் கடித்தாராம். மறு வாரமே கடலோரத்துக்கு மாற்றலாகிவிட்டதாம். கதை பொய்யாக இருக்கலாம், ஆனால் வடை உண்மை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். நேற்று மத்தியானம் சாப்பிட்டதுதான் சிங்காரம். ராத்திரி முழுக்கத் தோரணம் கட்டுவதை மேற்பார்வை பார்த்தார். விடிந்ததும் இதோ வந்துவிடுவார், இதோ வந்துவிடுவார் என்று காலை உணவும் போயிற்று.

அப்போதுதான் டோலி வந்தது.

மூங்கில் கழியில் கம்பளியைத் தூளியாகக் கட்டி, அதில் பிள்ளை பெற்ற மங்கம்மாளை உட்காரவைத்து, புருஷன் மாதையன் முன்னாலும் அவன் தம்பி பின்னாலும் தூக்கி வந்தார்கள். மங்கம்மாளின் மடியில் நேற்று விடியற்காலை பிறந்த பெண் குழந்தை. டோலிக்கு முன்னால் தூக்குச்சட்டியை வீசிக்கொண்டு வந்தவள் மாதையனின் அக்கா பாஞ்சாலை.

வாட்ச்மேன் சின்னதம்பி கேட்டில் மறித்தான். "இன்னிக்கி ஆஸ்பத்திரி கெடையாது. தெறப்பு விழா. நாளைக்கி வாங்க."

"அப்டியா?" என்றாள் பாஞ்சாலை. "கொயந்தய நாளைக்கி வரிக்கும் மூச்சு வுடாம இருக்கச் சொல்லட்டா? நீயே சொல்லிப் பாரு, கேக்குதான்னு."

சின்னதம்பி நகர்ந்துகொண்டான். வராந்தாவிலிருந்து நர்ஸ் மார்த்தாள் இறங்கி வந்தாள். ஒடுகத்தூர்ப் பக்கத்துக்காரி, இந்த மலையில் இருபது வருஷமாகப் பிரசவம் பார்க்கிறவள். துணியை விலக்கியதும் அவள் முகம் மாறிவிட்டது. குழந்தை மூச்சை விடவில்லை, துரத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தது. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. உதட்டில் நாவற்பழம் தின்ற நிறம்.

"பால் குடிச்சுதா?"

"ரெண்டு வாய் குடிச்சுது சிஸ்டரு. குடிச்சதும் நீலமா பூட்ச்சு," என்றாள் மங்கம்மாள்.

மார்த்தாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் வரவேற்புரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

"மார்த்தாள், விழா நேரத்தில்..."

"மூச்சு நிமிஷத்துக்குத் தொண்ணூறு ஓடுது சார்."

சிங்காரம் ஸ்டெதாஸ்கோப்பைக் குழந்தையின் இடது மார்பில் வைத்தார். இதயத்தைக் காணோம். இன்னும் கொஞ்சம் மேலே வைத்தார், அங்கேயும் இல்லை. வலது பக்கம் நகர்த்தினார். அங்கே டப் டப் டப் என்று குருவி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

டாக்டரின் முகத்தில் மூன்று வருஷத்து வெயிலும் ஒரே நொடியில் அடித்தது.

"இதயம் வலது பக்கம்! டெக்ஸ்ட்ரோகார்டியா! மார்த்தாள், இது பிறவியிலேயே வலப்பக்க இதயம். பத்தாயிரத்தில் ஒன்று. ஜவ்வாது மலையில் முதல் தடவை. கண்டுபிடித்தது..." என்று நிறுத்தி, அடக்கம் கருதி, "நம் நிலையம்," என்றார்.

மறுபடியும் இடது பக்கம் வைத்துப் பார்த்தார். அங்கே, கொர்ர்ர்ர்... குளுக்... என்று ஒரு சத்தம் கேட்டது. சிங்காரம் சட்டென்று தன் வயிற்றை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு இரண்டு தடவை பலமாக இருமினார். மனிதன் இருபது மணி நேரம் பட்டினி கிடந்தால் உலகத்தில் எழுகிற எந்தச் சத்தமும் தன் வயிற்றுச் சத்தமாகத்தான் படும். அதிகாரி வருகிற நேரத்தில் இப்படியா மானத்தை வாங்குவது என்று வயிற்றை மனசுக்குள் திட்டினார்.

"விழா முடிவில் இந்தக் குழந்தையை ஐயாவுக்குக் காட்டுகிறோம்," என்று நிகழ்ச்சி நிரலை எடுத்து நன்றியுரைக்கு மேலே 'மருத்துவ அதிசயம்' என்று எழுதினார். "அதுவரை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்."

"சார், அதுக்குள்ள இது போயிடும். ஜீப்புல வேலூருக்கு அனுப்பிடலாம்."

"ஜீப்பா? மலைப்பாதை வளைவுக்குப் போய் ஐயாவை எதிர்கொண்டு அழைத்து வர வேண்டாமா?"

ஜீப் வாசலில் நின்றது. முன்னால் இரண்டு வாழைமரம், மேலே காகிதக் கொடி. டிரைவர் அமலநாதன் உள்ளே ஏறுவதற்கு வாழை இலையை இரண்டு கையாலும் விலக்க வேண்டியிருந்தது.

இதற்குள் பாஞ்சாலை குழந்தையைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் ஊரில் மாடு தீனி எடுக்கவில்லை என்றால் சாமிக்கு நேர்ந்துகொள்வதற்கு முன்னால் பாஞ்சாலைக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவள் வந்து மாட்டின் இடது பக்கம் விலாவுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். உள்ளே இரைப்பை புரள்கிற சத்தத்தைக் கேட்டு, என்ன தின்றது, எப்போது தின்றது, தேறுமா தேறாதா என்று சொல்வாள். கேட்கும்போது பக்கத்தில் யாராவது பேசினால் மாட்டை விட்டுவிட்டு அவர்களை உதைப்பாள்.

இப்போது குழந்தையின் வயிற்றில் காதை வைத்தாள். ஒன்றும் இல்லை. நேற்றுப் பிறந்த பிள்ளைக்கு வயிறு சின்னக் கலயம் மாதிரி உப்பி இருக்கும். இதற்கோ காலித் தொட்டி மாதிரி குழிந்து கிடந்தது. காதை மேலே, இடது மார்புக்குக் கொண்டுபோனாள். நின்றாள். யாரும் பேசவில்லை.

"டேய் மாதையா," என்றாள். "ஒன் பொண்ணுக்கு வவுறு மேல ஏறிக்கிச்சுடா. மார்ல கெடந்து பொரளுது."

சிங்காரம் சிரித்தார். படித்தவர்கள் படிக்காதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற, பல் தெரியாத சிரிப்பு. "ஏம்மா, இது மாடு இல்லை."

"மாடா இருந்தா நானே பாத்துக்க மாட்டனா? மாடு இல்லன்னுதான ஒங்ககிட்ட தூக்கியாந்தோம்."

மார்த்தாள் சட்டென்று திரும்பினாள். "சார், அது சொல்றது சரியா இருக்கலாம். நான் படிக்கறப்ப ஒரு கேஸ் பாத்திருக்கேன். நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற திரையில ஓட்டை. குடலெல்லாம் நெஞ்சுக்குள்ள ஏறி நுரையீரலை அமுக்கிடும், இதயத்தை வலது பக்கம் தள்ளிடும். வயிறு இதே மாதிரிதான் குழிஞ்சிருந்துது. ஆபரேஷன் பண்ணாத்தான் பொழைக்கும்."

சிங்காரத்துக்கு இது தெரியாததல்ல. உதரவிதானத்தில் ஓட்டை, பாடப்புத்தகத்தில் பாதிப் பக்கம். அவர் அந்தப் பக்கத்தைப் பரீட்சைக்கு வராது என்று தள்ளியவர். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. இதயம் தானாகவே வலது பக்கம் பிறந்திருந்தால் பத்திரிகைக்குக் கட்டுரை. தள்ளப்பட்டுப் போயிருந்தால் வேலூருக்குச் சீட்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

"இரண்டுமே சாத்தியம்தான்," என்றார். "எது என்று ஒரு எக்ஸ்ரே எடுத்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்."

எல்லோரும் எக்ஸ்ரே கட்டடத்தைப் பார்த்தார்கள். ரிப்பன் காற்றில் ஆடியது.

"எக்ஸ்ரே இல்லாம சொல்ல முடியாதா சார்?" என்றாள் மார்த்தாள்.

"நெஞ்சுக்குள் குடல் சத்தம் கேட்டால் ஓட்டை என்று வைத்துக்கொள்ளலாம். கேட்கவில்லையே."

"கேக்கலயா?" பாஞ்சாலை இடுப்பில் கைவைத்தாள். "எனக்கே கேட்டுச்சு. காதுல ரப்பர வச்சிக்கினு ஒங்களுக்குக் கேக்கலயா?"

"சத்தம் கேட்டது வாஸ்தவம். ஆனால் அது குழந்தையுடையது இல்லை."

"பின்ன யாருது?"

சிங்காரம் டையைத் தளர்த்தினார். வாட்ச்மேனைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, "என்னுடையது," என்றார்.

டோலியைப் பிடித்துக்கொண்டிருந்த மாதையனே அந்தத் துக்கத்திலும் ஒரு தரம் சிரித்துவிட்டான்.

"சரி," என்றாள் பாஞ்சாலை. அவள் சிரிக்கவில்லை. "ஒங்க வவுறு கத்துது. துன்னுட்டு வாங்க. துன்னப்புறமும் கத்துனா கொயந்தது. ஜீப்ப குடுங்க. கத்தலன்னா ஒங்குளுது. நான் வாயத் தெறக்காம ஊட்டுக்குப் பூட்றேன்."

எந்த மருத்துவக் கல்லூரியிலும் இதைவிட ஒழுங்காக ஒரு பரிசோதனையை யாரும் வகுத்திருக்க முடியாது. சிங்காரத்துக்கே அது உறைத்தது. ஆனால் எதைத் தின்பது? மருந்துக் கிடங்கு வாசலில் சின்னதம்பி வந்து உட்கார்ந்துகொண்டான். "சார், எனக்கும் பொண்டாட்டி புள்ள கீது. நானே காலைலேருந்து மோந்து பாத்துக்கினுதான் ஒக்காந்துகினு கீறேன்."

"பொங்கலு வேணாம்," என்று பாஞ்சாலை தூக்குச்சட்டியைத் திறந்தாள். மங்கம்மாளுக்கென்று கிண்டி எடுத்து வந்த கேழ்வரகுக் களி, ஆளின் முஷ்டியைப்போல இரண்டு உருண்டை. மேலே கீரைக் கடைசல்.

"யாராவது பார்த்தால்?" என்றார் டாக்டர்.

பார்க்க முடியாத இடம் அந்த வளாகத்தில் ஒன்றுதான் இருந்தது. அரசாங்கம் கறுப்புத் துணி போட்டு மறைத்திருந்தது. டாக்டர் சிங்காரம் எம்.பி.பி.எஸ். ரிப்பனுக்குக் கீழே நாலு காலில் தவழ்ந்து எக்ஸ்ரே அறைக்குள் போனார். பின்னாலேயே களியோடு பாஞ்சாலை, குழந்தையோடு மார்த்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு மங்கம்மாள். ஆக, அந்த அறைக்கு முதலில் வந்தது ஒரு நோயாளிதான்; அந்தப் பெருமை திறப்பு விழாவைச் சேராது.

காலை நேரத்தில் பிரெட்டும் ஜாமும் தவிர வேறொன்றும் சாப்பிடாதவர் என்று தன்னைப் பற்றி அவர் சொல்லிக்கொள்வதுண்டு. அந்த இருட்டில் ஒரு முழு உருண்டையை மென்று பாராமல் விழுங்கினார். களியை மெல்லக் கூடாது என்று பாஞ்சாலை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நிமிந்து நில்லுங்க," என்றாள் அவள். "சட்டயத் தூக்குங்க."

"எதற்கு?"

"இருக்கறது ஒரே ஒரு ரப்பரு கொழாதான. அத நீங்க கொயந்தைக்கி வைங்க. ஒங்குளுத நான் கேக்கறேன்."

டாக்டர் சட்டையைத் தூக்கினார். டை மூக்கில் மோதியது. பாஞ்சாலை அவர் இடுப்பின் இடது பக்கம் காதை வைத்துக் கண்ணை மூடினாள். மார்த்தாள் குழந்தையை அவருக்கு வாகாக ஏந்திப் பிடித்தாள். அவர் ஸ்டெதாஸ்கோப்பை இடது மார்பில் வைத்தார்.

"ஒங்குளுது அடங்கிட்ச்சு," என்றாள் பாஞ்சாலை. "மாடு படுத்துக்கினு அசை போடுது."

குழந்தையின் மார்புக்குள் கொர்ர்ர்... குளுக் குளுக்... என்றது.

மூச்சு வந்து போகிற சத்தம் அந்தப் பக்கம் அறவே இல்லை. காற்று இருக்க வேண்டிய இடத்தில் குடல் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. சிங்காரம் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்காமல் அப்படியே நின்றார். பத்திரிகை, கட்டுரை, அதன் தலைப்பில் தன் பெயர் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின.

வெளியே பம்பை முழங்கியது. யாரோ வாழ்க என்றார்கள். வளைவில் எதிர்கொள்ள ஜீப் வராததால் கண்ணாயிரம் தானாகவே வந்து, கோபத்தை அடக்கிக்கொண்டு, நேராகக் கட்டடத்துக்கு வந்து, கத்தரிக்கோலை வாங்கி, ரிப்பனை வெட்டிக் கதவைத் திறந்தார்.

உள்ளே, வாயில் கீரையோடும் தலைவரைக்கும் தூக்கின சட்டையோடும் டாக்டர். அவர் வயிற்றில் காதை வைத்தபடி ஒரு பெண்.

பம்பைக்காரர்கள் ஒவ்வொருவராக அடிப்பதை நிறுத்தினார்கள்.

"இது என்ன பரிசோதனை?" என்றார் கண்ணாயிரம். அவர் எப்போதும் மேடையில் பேசுகிற மாதிரியே பேசுவார்; மைக் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை.

"டாக்டரப் பாத்தாச்சுங்க, நல்லாத்தான் கீறாரு," என்றாள் பாஞ்சாலை நிமிர்ந்து. "கொயந்தைக்கித்தான் ஒடம்பு சரியில்ல."

சிங்காரம் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டே சொன்னார்: "ஐயா, பிறவியிலேயே உதரவிதானத்தில் ஓட்டை. குடல் நெஞ்சுக்குள்ளே இருக்கிறது. உடனே வேலூருக்குப் போக வேண்டும்."

"நிரலில் மருத்துவ அதிசயம் என்று போட்டிருக்கிறது. வலப்பக்க இதயம் என்று வாசலில் சொன்னார்கள்." கண்ணாயிரம் கையை நீட்டினார். "கொண்டாருங்கள். நாமும் ஒரு காலத்தில் டாக்டர்தான்."

அந்தக் காலம் முடிந்து பதினேழு வருஷம் ஆகிறது. ஸ்டெதாஸ்கோப்பைத் திருப்பி மாட்டிக்கொண்டார். பிறகு யாரும் பார்க்காத மாதிரி நேராக மாட்டிக்கொண்டார். வலது பக்கம் வைத்து, ம் என்றார். இடது பக்கம் வைத்தார். அவர் முகம் மெல்ல மாறியது. இடது கை தானாகவே கோட்டுக்கு அடியில் போய்த் தொந்தியை அமுக்கியது. இரண்டு தடவை பலமாக இருமினார்.

விடியற்காலையில் கிளம்பிய மனிதர். மலை மேலே விருந்து இருக்கிறதென்று வழியில் ஒரு டீ கூடக் குடிக்கவில்லை.

சிங்காரத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. தான் அரை மணிக்கு முன்னால் எப்படி நின்றோம் என்று ஒரு கண்ணாடி மாதிரி எதிரே நின்று காட்டிக்கொண்டிருந்தார் மேலதிகாரி.

"டெக்ஸ்ட்ரோகார்டியாதான்," என்றார் கண்ணாயிரம். "வேறு ஒன்றும் இல்லை. நிகழ்ச்சியைத் தொடருங்கள்."

"இன்னொரு உருண்ட களி கீது. இவருக்கும் குடுக்கட்டுமா?" என்று பாஞ்சாலை டாக்டரைக் கேட்டாள்.

பதில் சொல்ல நேரமில்லை. குழந்தை அழ வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. உதட்டில் இருந்த நீலம் முகம் முழுக்கப் பரவியது. மங்கம்மாள் "அண்ணி!" என்று பாஞ்சாலையின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"காட்சி மேசையில் புதுப் பை இருக்கிறதே!" என்று கண்ணாயிரம் கத்தினார். மூக்கிலும் வாயிலும் வைத்து அமுக்கிக் காற்றடிக்கிற ரப்பர் பை, விழாவுக்காகச் சந்தனப் பொட்டு வைத்துப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். "அதை எடுத்து அடியுங்கள்! இது உத்தரவு!"

"கூடாது!" என்றார் சிங்காரம். ஒன்பது வருஷ உத்தியோகத்தில் அவர் மேலதிகாரியிடம் சொன்ன முதல் கூடாது அது. "முகத்துல வச்சு அடிச்சா காத்து வயித்துக்கும் போகும். வயிறு நெஞ்சுக்குள்ள இருக்கு. அது உப்புனா நுரையீரலுக்கு இருக்கற கொஞ்ச இடமும் போயிடும்." பதற்றத்தில் அவருக்குப் புத்தகத் தமிழ் கழன்று விழுந்துவிட்டது. "மார்த்தாள், மெல்லிசு டியூபு! சிரிஞ்சு!"

மார்த்தாள் முன்பே எடுத்து வைத்திருந்தாள்.

டாக்டர் குழந்தையின் மூக்கு வழியாக மெல்லிய ரப்பர்க் குழாயை உள்ளே செலுத்தினார். மறுமுனையில் சிரிஞ்சைப் பொருத்தி இழுத்தார். காற்று வந்தது. மறுபடி இழுத்தார், காற்றும் திரிந்த பாலும் வந்தன. மூன்றாவது தடவை. நாலாவது தடவை. வயிறு சுருங்கச் சுருங்க நெஞ்சுக்குள் ஒரு மூலையில் இடம் கிடைத்திருக்க வேண்டும். குழந்தை ஒரு மூச்சை இழுத்தது. பிறகு இன்னொன்று. நீலம் முகத்திலிருந்து உதட்டுக்குத் திரும்பியது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"அமலநாதா, ஜீப்ப எடு!"

"நம் உரை இன்னும்..." என்றார் கண்ணாயிரம்.

"பேசுங்க சார்," என்றார் சிங்காரம் ஓடிக்கொண்டே. "கட்டடம் கேக்கும்."

மாலை போட்டு வைத்திருந்த ஆக்சிஜன் உருளையை மாதையனும் தம்பியும் மாலையோடு தூக்கி ஜீப்பில் போட்டார்கள். வாழைமரத்தை அவிழ்க்க நேரமில்லை. பின்னால் டாக்டர் குழந்தையின் தலையை உயர்த்தி, இடது பக்கம் சாய்த்து, நல்ல நுரையீரல் மேலே இருக்கிற மாதிரி மடியில் ஏந்திக்கொண்டார். மார்த்தாள் ஆக்சிஜன் குழாயில் ஒரு புனலைச் செருகி மூக்கருகே பிடித்தாள். மங்கம்மாள் இரண்டு பேருக்கும் நடுவே. மாதையன் பின் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். முன் சீட்டில் பாஞ்சாலை ஏறி உட்கார்ந்து கொண்டாள். அவளை இறங்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் டாக்டர் ஒரு தடவை சிரிஞ்சை இழுத்தார். அமலநாதன் ஆரனை அடித்துக்கொண்டே இறங்கினான்.

"மெள்ள ஓட்றா, சாவுகிராக்கி! கொயந்த கீது!" என்பாள் பாஞ்சாலை. அடுத்த வளைவில், "இன்னாத்துக்குடா இப்டி உருட்ற, வேகமா போடா!" என்பாள்.

"அக்கா, ரெண்டுல ஒண்ணச் சொல்லு."

"ரெண்டயும் செய்டா."

ஒடுகத்தூரில் அன்று சந்தை. வாழைமரமும் கொடியுமாக ஜீப் வந்ததைப் பார்த்து யாரோ முக்கியஸ்தர் என்று கூட்டம் ஒதுங்கி நின்றது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டார். பூக்கடைக்காரர் ஒருவர் ஓடிவந்து முன் சீட்டில் இருந்த பாஞ்சாலைக்கு ஒரு மாலையைப் போட்டே விட்டார். அவள் அதைக் கழற்றாமல், "வாழ்க இருக்கட்டும், மாட்டு வண்டிய ஓரம் கட்டுங்கயா!" என்றாள். கட்டினார்கள். தலைவர்கள் சொல்லி அந்த ஊரில் அவ்வளவு சீக்கிரம் ஒரு காரியமும் நடந்ததில்லை.

வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்க ஐந்து நிமிஷம்தான் ஆனது. படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்கள். இடது நெஞ்சு முழுக்க வளையம் வளையமாகக் குடல், சந்தைக் கூட்டம் மாதிரி. இதயத்தை வலது பக்கம் நெருக்கித் தள்ளியிருந்தது. மேலே ஒரு மூலையில் இடது நுரையீரல், பஸ்ஸில் ஜன்னல் சீட்டைப் பறிகொடுத்தவர் மாதிரி ஒடுங்கி நின்றது.

அறுவை மருத்துவர் ஜெயசெல்வி கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "டாக்டர், டியூப் போட்டு காத்தை எடுத்ததுதான் காப்பாத்தியிருக்கு. ஒருநாள் தாண்டி வந்திருக்கறதால நுரையீரல் ஓரளவு வளந்திருக்கும்னு நம்பறேன். ஆனா அங்க எக்ஸ்ரே இல்லையே. குடல் சத்தம்னு எப்படி உறுதி பண்ணீங்க?"

சிங்காரம் ஒரு கணம் நிமிர்ந்தார். பழைய வியாதி மறுபடி தலைதூக்கியது. "ஒருவிதமான ஒப்பீட்டுச் சோதனை செய்தேன். சந்தேகத்துக்கு இடமான வேறு ஒலி மூலங்களை முறைப்படி நீக்கிவிட்டு..."

"களி துன்னாருங்க," என்றாள் பாஞ்சாலை.

ஜெயசெல்வி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்க நேரமில்லாததால் உள்ளே போய்விட்டார்.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. நெஞ்சுக்குள் ஏறியிருந்த குடலையும் இரைப்பையையும் மண்ணீரலையும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, ஓட்டையைத் தைத்து மூடினார்கள். முதல் மூன்று நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். மங்கம்மாள் அந்த மூன்று நாளும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று, குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறும்போது அவளும் மூச்சை இழுப்பாள், இறங்கும்போது விடுவாள். நர்ஸுகள் அவளுக்கே மயக்கம் வந்துவிடப் போகிறதென்று நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை.

சிங்காரத்துக்கு இதற்குள் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்திருந்தது. திறக்கப்படாத அரசுக் கட்டடத்துக்குள் நுழைந்தது ஏன், அங்கே உணவு உட்கொண்டது ஏன், மேலதிகாரியின் உரையின்போது இல்லாமல் போனது ஏன் என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் சேர்த்து அவர் ஒரே பதிலாக எக்ஸ்ரே படத்தின் நகலை அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. படத்தைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் அந்த அலுவலகத்தில் இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் அவர் வார்டுக்கு வந்தபோது குழந்தை மங்கம்மாளின் மடியில் இருந்தது. மூக்கில் குழாய் இல்லை. உதடு செக்கச்செவேல் என்று இருந்தது. ஜெயசெல்வி அப்போதுதான் பார்த்துவிட்டுப் போயிருந்தார். எல்லாம் சரியென்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போய்விட்டதால் மங்கம்மாள் இன்னும் நம்பவில்லை. பால் கொடுக்கலாம் என்று நர்ஸ் இரண்டு தடவை சொல்லியும், குடித்தால் மறுபடி நீலமாகிவிடும் என்று துணியை இறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"பாஞ்சாலை, நீ கேட்டுச் சொல்லேன், மங்கம்மாளுக்கு ஒன் பேச்சுன்னா நம்பிக்கை," என்றார் சிங்காரம்.

"நான் இன்னாத்துக்கு? ஒங்களுக்குக் காது இல்லயா? அதுக்கு மேல ரப்பரு வேற வச்சிக்கினு கீறீங்க."

அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் தேய்த்துச் சூடாக்கி இடது மார்பில் வைத்தார். கொர்ரும் இல்லை, குளுக்கும் இல்லை. சாமை வயலில் காற்று இறங்குகிற மாதிரி மெல்லிசாக, கூர்ந்து கேட்டால்தான் கேட்கிற மாதிரி, உள்ளே போய் வெளியே வந்தது. அந்தச் சின்ன நுரையீரல் தனக்குக் கிடைத்த இடத்தில் காலை நீட்ட ஆரம்பித்திருந்தது. இதயம் இன்னும் நடுவுக்கு வந்து சேரவில்லை, வந்துகொண்டிருந்தது. அவர் வலது பக்கம் கேட்டார். மறுபடி இடது பக்கம் கேட்டார். யாருக்கும் எதையும் விளக்கத் தோன்றவில்லை.

"காத்து போவுதா?" என்றாள் மங்கம்மாள்.

"போகுது."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

அவள் இறுக்கிப் பிடித்திருந்த துணியைத் தளர்த்தினாள். பிறகு, "அப்பன்னா தள்ளுங்க," என்றாள். "பால் குடுக்கணும்."